விராலுக்கு மென்பிளாஸ்ரிக் இரை: தெரிவும் பாவனையும்

மாரி மழை ஓய்ந்து, வான் பாய்வதும் நின்றுபோன ஒரு மாலை வேளை. வன்னிக் குளமொன்றின் கட்டில் நின்ற இளைஞன் ஒருவன் தன் சட்டைப் பையிலிருந்து பச்சைத் தவளை ஒன்றை எடுத்துக் காட்டினான். கையில் வாங்கிப் பார்த்தபோதுதான் அது பொம்மை என்று தெரிந்தது. "பாதர், இந்த இறப்பர்த் தவளையை விரால் நம்புமா?" என்று கேட்டான். நான் பதில் சொல்லுமுன் பக்கத்தில் இருந்த முதியவர் முந்திக்கொண்டார். "தவளையைப் பாத்து நம்பாது தம்பி. நீ ஆட்டிற ஆட்டைப் பாத்துத்தான் நம்பும்" என்றார்.

அந்த ஒரு வசனத்தில் இப்பாடத்தின் பாதி அடங்கிவிட்டது. மற்றப் பாதியை அதே குளத்தில், அதே இளைஞனோடு நின்று, நான் செய்த ஒரு பிழையினாற் கற்றுக்கொண்டேன். அதைப் பின்னர் சொல்கிறேன்.

இன்று எமது நகரக் கடைகளிற் பல நிறங்களில், பல உருவங்களில் இந்த இரைகள் தொங்குகின்றன. 2022ஆம் ஆண்டில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபின், இறக்குமதியாகும் இப்பொருட்களைக் கண்டபடி வாங்கிச் சேர்ப்பது கூலிக்குப் போகும் ஓர் இளைஞனுக்குக் கட்டுப்படியாகாது. எனவே எதை வாங்குவது, எப்படிப் பாவிப்பது, எப்போது பாவியாது விடுவது என்ற மூன்றையும் அறிந்திருத்தல் நன்று.

1. முதலில் மீனை அறிவோம்

விரால் துரத்திப் பிடிக்கும் மீனல்ல; பதுங்கிப் பிடிக்கும் மீன். ஆம்பல் இலையின் கீழும், கோரைப் பற்றையின் ஓரத்திலும், பட்டமரத்தின் அடியிலும் அசையாமற் கிடந்து, தவளையோ சிறுமீனோ எட்டும் தூரத்துக்கு வந்ததும் ஒரே பாய்ச்சலிற் கவ்வும். ஆகவே இரையானது மீன் கிடக்கும் இடத்துக்குப் போகவேண்டும். மீன் இரையைத் தேடி வரும் என்று காத்திருத்தல் வீண்.

இரண்டாவது, விரால் நீரின் மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன். மேலே வரமுடியாது தடுத்தால் நீருக்குள்ளேயே மூச்சுத் திணறி இறந்துவிடும். இதனாற்றான் நீர் வற்றிச் சேறாகும் குட்டைகளிலும் அது தப்பி வாழ்கிறது. தூண்டிற்காரருக்கு இது ஓர் அடையாளம். அமைதியான நீரில் 'குளுக்' என்ற ஒலியோடு வட்டம் விரிந்தால் அங்கே ஒரு விரால் மூச்செடுத்துப் போயிருக்கிறது எனலாம்.

மூன்றாவது, விரால் கண்ணால் மட்டும் இரையை அறிவதில்லை. மீன்களின் விலாவில் ஓடும் பக்கக்கோடு என்னும் உறுப்பு நீரின் சிறு அதிர்வையும் உணரும். கலங்கிய மழைநீரிலும் இரையின் காலடிப்பு மீனுக்குத் தெரிவது இதனால்தான்.

2. இது இறப்பர் அல்ல

எம்மவர் 'இறப்பர் இரை' என்று அழைத்தாலும், இவற்றிற் பெரும்பாலானவை இறப்பர் அல்ல. நீர்க்குழாய் செய்யப் பயன்படும் பீ.வீ.சி. என்ற பிளாஸ்ரிக்கே இதுவும். எண்ணெய் போன்ற மென்மையாக்கும் திரவம் அதிகம் சேர்க்கப்படுவதால் குழாய்க்குரிய விறைப்பு நீங்கி, தசை போன்ற நெகிழ்வு வருகிறது. 1949ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து அக்றன் நகரில் நிக் கிறீம் என்பவரும் அவருடைய மனைவியும் தம் வீட்டுச் சமையலறையில் இத்தகைய பிளாஸ்ரிக் புழுவை வார்த்தெடுத்து விற்கத் தொடங்கினர். அந்நாட்டின் 'பாஸ்' மீனும் விராலைப் போலவே புற்பற்றைகளிற் பதுங்கி வேட்டையாடுவது. ஆகவேதான் அதற்கென உருவான இரைகளும் கட்டுமுறைகளும் எமது குளங்களுக்கும் பொருந்துகின்றன.

இரையின் தன்மையை அறிந்தால் அதைப் பேணும் முறையும் விளங்கும். மென்மையாக்கும் திரவம் மெல்ல மெல்ல வெளியே கசியும். இரையை எந்தப் பிளாஸ்ரிக் பெட்டியிலும் போட்டுவைத்தால், சில பெட்டிகள் இளகி இரையோடு ஒட்டிக்கொள்ளும். வெவ்வேறு வகைப் பிளாஸ்ரிக்கில் ஆன இரைகளை ஒன்றாக வைத்தாலும் இரண்டும் உருகிக் களியாகலாம். நிறமும் ஒன்றிலிருந்து மற்றதற்கு ஊறும். வாங்கிய பையிலேயே, நேராக, வெயில் படாத இடத்தில் வைப்பதே சிறந்தது.

3. தெரிவு செய்தல்

(அ) உருவம். எமது குளங்களுக்கு மூன்று வகை போதும்.

உள்ளீடற்ற தவளை: உடல் பலூன் போல வெறுமையானது. இரட்டைத் தூண்டில் முள் அதன் முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும். மீன் கவ்வும்போது உடல் நசுங்க, முட்கள் வெளியே நிற்கும். ஆம்பலும் சல்வீனியாவும் மூடிய இடங்களுக்கு இதுவே உகந்தது. வாங்குமுன் விரலால் அமுக்கிப் பாருங்கள். இலகுவில் நசுங்கி முள் வெளித்தெரியவேண்டும். விறைப்பாக நிற்கும் தவளை மலிவாகக் கிடைத்தாலும் மீனைத் தப்பவிடும்.

கால் அடிக்கும் முழுத்தவளை: உள்ளே வெறுமை இல்லாதது. சுருட்டும்போது பின்னங் கால்கள் படபடவென அடித்து நீரைக் கலக்கும். புல் ஐதாக உள்ள அலைகரை ஓரங்களுக்கு ஏற்றது.

வால் ஆட்டும் மீன்குஞ்சு: வால் நுனி தட்டையாக மடிந்திருக்கும். நீரினுள்ளே இழுக்கும்போது வால் இருபுறமும் அடிக்கும். துருசடியிலும், பழைய ஆற்றுப் பள்ளத்திலும், திறந்த நீரிலும் பாவிக்கலாம்.

(ஆ) அளவு. ஐந்து முதல் ஏழு சதம மீற்றர் வரையான உடல் நீளமுள்ள தவளை பெரும்பாலான விராலுக்குப் போதுமானது. பெரிய இரைக்குத்தான் பெரிய மீன் வரும் என்று எண்ண வேண்டாம். இரை பருத்தால் முள் வாயிற் பதியாமற் போகும் தடவைகளும் பெருகும்.

(இ) நிறம். கடையில் எம் கண்ணைக் கவரும் நிறம் தவளையின் முதுகில் இருக்கிறது. மீனோ கீழே கிடந்து வயிற்றைப் பார்க்கிறது! மேலே மிதக்கும் இரைக்குப் பின்னணி வானம். ஆதலால், ஒளி குறைந்த காலையிலும் மாலையிலும், கலங்கிய நீரிலும், கறுப்பு போன்ற கடும் நிறம் தெளிவான நிழலுருவாகத் தெரியும். தெளிந்த நீரில், வெயில் ஏறியபின், பழுப்பும் மங்கிய பச்சையும் வெளிறிய வயிறும் இயல்பாக இருக்கும். ஒரு கறுப்பு, ஒரு பழுப்பு என இரண்டு வைத்திருந்தாற் போதும்.

(ஈ) தூண்டில் முள். முழுவுடல் இரைக்கு முள்ளின் தண்டுக்கும் முனைக்கும் உள்ள இடைவெளி, இரையின் தடிப்பிலும் அதிகமாக இருக்கவேண்டும். மீன் கவ்வும்போது பிளாஸ்ரிக் நசுங்கி ஒதுங்க இடம் வேண்டுமல்லவா? இடமின்றேல் முனை வெளிவராது. எட்டு முதல் பத்து சதம மீற்றர் வரையான இரைக்கு 3/0 அல்லது 4/0 இலக்க அகல்வளைவு முள் பொருந்தும்.

(உ) நூல். புற்பற்றைக்குள் மெல்லிய தங்கூசி நூல் நில்லாது. விரால் கவ்வியவுடன் பற்றைக்குள் திரும்பும். 30 இறாத்தலுக்குக் குறையாத பின்னல் நூல் தேவை. அறுந்துபோகும் நூலோடு முள் ஏறிய மீனும் போகிறது என்பதை மறக்கலாகாது.

ரீல் வாங்க வசதியில்லாதவர் மனம் தளரவேண்டியதில்லை. நீண்ட மூங்கிற் தடியின் நுனியிற் பலமான நூலைக் கட்டி, ஆம்பல் இலைகளுக்கு இடையிலுள்ள வெளிகளில் தவளையை மெல்லத் தொட்டுத் தொட்டு எடுத்தும் விரால் பிடிக்கலாம்.

4. இரையைக் கோர்க்கும் முறை

உள்ளீடற்ற தவளையில் முள் ஏற்கனவே பூட்டப்பட்டிருக்கும். முழுவுடல் இரையை நாமே கோர்க்கவேண்டும். படிகள் வருமாறு:

முதலாம் படி: முள்ளின் முனையை இரையின் மூக்கின் நடுவே நேராகச் செலுத்தி, அரைச் சதம மீற்றர் உள்ளே சென்றதும் வயிற்றுப் பக்கமாக வெளியே எடுக்க.

இரண்டாம் படி: முள்ளை இழுத்து, அதன் காதும் அதன் கீழுள்ள மடிப்பும் மூக்கினுள் அமரும்வரை கொண்டுவருக. பின்னர் முனை இரையின் உடலை நோக்குமாறு முள்ளைத் திருப்புக.

மூன்றாம் படி: முள்ளை உடலுக்குப் பக்கவாட்டில் வைத்து, வளைவு எந்த இடத்திற்கு வருகிறது எனப் பார்த்து நகத்தால் அடையாளம் இடுக. பலர் விடும் பிழை இப்படியைத் தவறவிடுவதே.

நான்காம் படி: உடலைச் சற்று வளைத்து, அடையாளமிட்ட இடத்தில் வயிற்றிலிருந்து முதுகுவரை முனையைச் செலுத்துக. முனையை முதுகின் தோலில் மட்டும் மெல்லச் சொருகிவிடுக. இதனாற் புல் சிக்காது.

இப்போது நூலைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். இரை நேராகத் தொங்கவேண்டும். கோணலாக இருந்தால் நீரிற் சுழலும், நூல் முறுகும், மீனும் ஐயுறும். கோணலாயின் கழற்றி மீண்டும் கோர்ப்பதே வழி.

5. ஆட்டும் கலை

ஒன்று: நிழல் விழாமல் நில்லுங்கள். கட்டில் ஓங்கி மிதித்து நடக்கும் அதிர்வும் நீருக்குச் செல்லும்.

இரண்டு: மீன் கிடக்கும் இடத்தின் தலைமேல் எறியாதீர்கள். அதற்கு ஒரு பாகம் அப்பால் எறிந்து, அவ்விடத்துக்கு இழுத்து வாருங்கள்.

மூன்று: தவளை விழுந்ததும் உடனே இழுக்க வேண்டாம். விழுந்த வட்டங்கள் அடங்கட்டும். உயிருள்ள தவளையும் குதித்தபின் சற்றுச் சும்மா இருக்கிறது. அதன்பின் சிறு இழுப்பு இரண்டு, ஓர் ஓய்வு. மீண்டும் இழுப்பு, ஓய்வு. இலைகளுக்கிடையே வெளி வந்த இடத்தில் ஓய்வை நீட்டுங்கள். பெரும்பாலான பாய்ச்சல்கள் இந்த ஓய்விலோ, ஓய்வு முடிந்த முதல் அசைவிலோதான் வரும்.

நான்கு: நீர் வெடித்த ஒலி கேட்டவுடன் கோலை வெட்டி இழுப்பதே புதியவர் அனைவரும் விடும் பிழை. ஒலி கேட்கும் கணத்தில் தவளை இன்னும் மீனின் வாய்க்குள் முழுதாகச் சென்றிருக்காது. கோல் நுனியைத் தாழ்த்தி, 'ஒன்று, இரண்டு' என்று எண்ணி, நூலிற் பாரம் தெரிந்தபின் பலமாக வெட்டுங்கள். தப்பினால் அதே இடத்துக்குச் சற்று அப்பால் மீண்டும் எறியுங்கள். விரால் திரும்பவும் பாய்வதுண்டு.

ஐந்து: வால் ஆட்டும் மீன்குஞ்சை, வால் அடிப்பதற்குப் போதுமான ஆகக் குறைந்த வேகத்திற் சுருட்டுங்கள். அதற்கு ஈயமோ வேறு பாரமோ சேர்ப்பதாயின் மூன்றரை முதல் ஏழு கிராம் வரை போதும். பாரம் கூடினால் இரை கல்லைப் போல விழும்.

ஒரு எச்சரிக்கை. முதலை வாழும் குளங்களில், சிக்கிய இரையை எடுக்க அந்திப் பொழுதில் நீரில் இறங்க வேண்டாம். எந்த இரையும் ஒரு காலின் விலைக்கு ஈடாகாது.

6. எறியக்கூடாத இடம்

இனி நான் முன்னர் சொன்ன பிழைக்கு வருகிறேன்.

முழங்காலளவு நீரில் சிவந்த புள்ளிகள் பரந்து, கொதிக்கும் உலைபோல் மேலும் கீழும் எழுந்து கொண்டிருந்தன. அவை விரால் குஞ்சுகள். இளம் பருவத்தில் அவை செம்மஞ்சள் நிறமாகக் கூட்டமாய் நீந்தும். கீழே தாயும் தந்தையும் காவல் நிற்கும். இதை நான் அறிந்திருந்தும், இளைஞனின் ஆவலில் நானும் கலந்து, "அங்கே போடு தம்பி" என்றேன். தவளை விழுந்த மாத்திரத்தில் நீர் வெடித்தது. முதலில் ஒன்று, சற்று நேரத்தில் மற்றொன்று. இரண்டும் நல்ல பருமன். அன்று மாலை எல்லோரும் அவனைப் பாராட்டினார்கள். எனக்கும் ஒரு பங்கு கறி வந்தது.

மூன்றாம் நாள் அவ்வழியே போனபோது குஞ்சுக் கூட்டத்தைக் காணவில்லை. நீர்க்காகங்கள் இரண்டு பட்டமரத்தில் இருந்து சிறகை உலர்த்திக் கொண்டிருந்தன. கட்டில் இருந்த அந்த முதியவர் என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இதில் விளங்கிக்கொள்ள வேண்டியது யாதெனில், குஞ்சுகளைக் காக்கும் விரால் பசியாற் கவ்வுவதில்லை, காவலாற் கவ்வுகிறது. கிட்ட வரும் எதையும், அது பொம்மையானாலும், விரட்டுவதே அதன் இயல்பு. ஆகவே அவ்விடத்தில் மீன் பிடிபடுவது தூண்டிற்காரரின் திறமையுமன்று, இரையின் சிறப்புமன்று. காவல் நீங்கிய குஞ்சுகளைப் பறவைகளும் வேறு மீன்களும் சில நாட்களில் முடித்துவிடும். இரண்டு மீனுக்காக நூற்றுக்கணக்கான மீன்களின் வாய்ப்பை நாம் கொடுத்துவிடுகிறோம்.

உயிருள்ள தவளையைக் கோர்த்துப் பிடித்த காலத்திலும் இது நடந்ததுதான். ஆனால் அன்று ஒரு தவளையைப் பிடிக்கவே ஒரு பொழுது வேண்டும். இன்று ஒரே பொம்மையால் நாள் முழுவதும், கரை முழுவதும் எறியலாம். கருவியின் வலு கூடும்போது கையின் கட்டுப்பாடும் கூடவேண்டும்.

நல்ல பக்கத்தையும் சொல்லவேண்டும். பொம்மைத் தவளை வந்ததால் வயலிற் பூச்சிகளைத் தின்னும் உயிருள்ள தவளைகள் தப்புகின்றன. முதுகிற் குத்தப்பட்டு அவை படும் வதையும் இல்லை. பிடிபட்ட மீன் பெரும்பாலும் வாயோரத்திற் கொளுவப்படுவதால், வேண்டாததை உயிரோடு விடவும் முடியும். தவறுதலாகக் காவல் விரால் பிடிபட்டால், கையை நனைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றி, பிடித்த இடத்திலேயே தாமதியாது விடுங்கள். அது இல்லாத ஒவ்வொரு நிமிடமும் குஞ்சுகள் காவலற்றவை.

7. கிழிந்த இரையும் ஈயமும்

விராலின் பற்கள் மென்பிளாஸ்ரிக்கைக் கிழிக்கும். மூக்குக் கிழிந்தால் அரைச் சதம மீற்றரை வெட்டிவிட்டு மீண்டும் கோர்க்கலாம். சிறு கிழிசலைச் சூடாக்கிய கத்தி நுனியால் தொட்டு ஒட்டலாம். இதைக் காற்றோட்டமான வெளியிற் செய்யுங்கள், ஆவியை முகராதீர்கள்.

பயன் முடிந்ததைக் குளத்தில் எறிய வேண்டாம். அது உக்காது. நீரிற் கிடந்து ஊதிப் பெருப்பதும் உண்டு. அமெரிக்காவின் மெயின் மாநிலத்து ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ட்றவுட் மீன்கள் இத்தகைய இரைகளைத் தாமாகவே விழுங்கின என்றும், விழுங்கியவை மெலிந்தன என்றும் காணப்பட்டது. குப்பையோடு சேர்த்து எரிக்கவும் வேண்டாம், பீ.வீ.சி. எரியும் புகை நஞ்சு. ஒரு ரின்னிற் சேர்த்து, பிரதேச சபை குப்பை எடுக்கும்போது கொடுங்கள்.

ஈயத்திற்கும் இதே கவனம் தேவை. பழைய பற்றரியை உடைத்து அடுப்பில் ஈயம் உருக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதன் தூசும் ஆவியும் சிறுபிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். ஈயக் குண்டைப் பல்லாற் கடித்து நூலிற் பொருத்துவதும் கூடாது. சிறு ஈயக் குண்டுகளை விழுங்கி அன்னப் பறவைகள் இறந்தமையால், இங்கிலாந்தில் 1987 முதல் அவை தடை செய்யப்பட்டன. எமக்கு ஒரு பித்தளை நட்டோ, சிறிய இரும்பு நட்டோ போதுமே.

8. நாமே வகுக்கும் ஒழுங்கு

மீனவர் சங்கம் உள்ள குளமாயின் முதலில் அவர்களிடம் கேட்டு அனுமதி பெறுங்கள். அக்குளத்தில் வலையிட்டுச் சீவிப்பவர்கள் அவர்கள். அதன்பின் இளைஞர் கூடி மூன்று ஒழுங்குகளை ஏற்கலாம்: குஞ்சுக் கூட்டத்தின்மேல் எறிவதில்லை, வற்றுக் காலத்திற் பள்ளங்களிற் சேரும் மீனை அன்றைய கறிக்கு மேலாகப் பிடிப்பதில்லை, கிழிந்த இரையைக் கரையில் விடுவதில்லை.

அந்த இளைஞன் இப்பொழுதும் மாலையிற் குளத்துக்குப் போகிறான். அவனுடைய கறுப்புத் தவளைக்கு ஒரு கால் இல்லை. இருந்தும் மீன் கவ்வுகிறது. அண்மையில் அவனோடு நடந்தபோது ஆம்பல் ஓரத்தில் நீர் சிவந்து கொதித்தது. அவன் நின்றான்; நூலைச் சுருட்டிக்கொண்டு, "வாங்கோ பாதர், அங்கால போவம்" என்றான்.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் குளத்தில் விரால் குஞ்சுக் கூட்டங்களை எந்த மாதங்களில், எந்த இடங்களிற் காண்கிறீர்கள்? முதியவர்களிடம் கேட்டுக் குறித்து வையுங்கள்.

2. ஒரு இரையின் விலையை, அது தொலையும்வரை அதிற் பிடித்த மீன்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். எந்த இரை உண்மையில் மலிவானது?

3. மேற்கூறிய மூன்று ஒழுங்குகளில் உங்கள் ஊரிற் கைக்கொள்ள இலகுவானது எது? கடினமானது எது? ஏன்?